மூன்றாவது அழைப்பு

அக்காவின் குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. அக்காவோ என் எதிரே முக்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

நான் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். அங்கே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் பார்த்ததை முதலில் எழுத வேண்டும், நினைத்ததைப் பிறகு எழுத வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. அதன்படி, பார்த்தது: அக்காவின் உதடு அசையவில்லை; குரல் கேட்டது. நினைத்தது: எனக்கு மூளை கலங்கிவிட்டது. ஆனால் டப்பாவின் மூடி அக்கா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருவருக்கும் மூளை கலங்க வாய்ப்பில்லை. எங்கள் இருவருக்கும் இதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதே இல்லை.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் அரைவட்ட ஓட்டை போட்ட கண்ணாடிக்குப் பின்னால் அவள் இருக்கை. விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலைதான். நான் கீழே, தொலைந்த பொருட்கள் அறையில் உதவியாள். குடை, செருப்பு, சாப்பாட்டு டப்பா, ஒரு தடவை பல்செட். யாரும் கேட்டு வராத பொருட்களை அறையின் மூலையில் உள்ள இரும்புக் கதவைத் திறந்து, அடியில் இருக்கும் பழைய கிடங்குக்குள் தள்ளிவிடுவோம். குரல் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று அறிவிப்பு. முதலாவது, காது கொடுக்கிறவர்களுக்கு. இரண்டாவது, கழிப்பறையில் இருப்பவர்களுக்கு. மூன்றாவது, ஜென்மத்தில் யார் சொன்னாலும் கேட்காதவர்களுக்கு. மூன்றாவதைக் கேட்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியை நகர்த்த மாட்டார். அது சட்டமா பழக்கமா என்று யாருக்கும் தெரியாது, யாரும் மீறியதுமில்லை. முதல் இரண்டையும் அக்கா மேலாளர் எழுதிக்கொடுத்தபடி வாசிப்பாள். மூன்றாவதில் சொந்தச் சரக்கை எடுத்துவிடுவாள். "தூண் ஓரமா நிக்கிற நீலச் சட்டை, அது உங்க வண்டிதான். பஸ்ஸே வந்து உங்களத் தூக்கி இடுப்புல வெச்சிக்கணுமா?" நீலச் சட்டை ஓடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே தங்கள் வண்டியை விட்டுவிட்டு நின்றவர்கள் உண்டு.

அந்தக் குரல் போன விதம் இது. ஒரு மதியம் கண்ணாடிக்கு முன்னால் யாருமில்லை. ஆனால் ஒரு கிழவரின் குரல் மட்டும் கேட்டது: "அம்மா, யாராச்சும் இருக்கீங்களா?" விசாரணை இருக்கையில் உட்கார்ந்தவள் வேறென்ன செய்வாள்? "இருக்கேன், சொல்லுங்க" என்றாள். அந்த 'சொல்லுங்க'வோடு குரல் போயிற்று. அதன் பிறகு காற்று மட்டும்தான் வந்தது. இதையெல்லாம் அக்கா எனக்குக் கைஜாடையில் நடித்துக்காட்டினாள். எனக்குப் புரியாத ஒவ்வொரு தடவையும் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை தொண்டை மாதிரிதான் இருக்கு" என்றார். இதைச் சொல்ல அவர் எத்தனை வருடம் படித்தாரோ.

மேலாளர் நல்லவர். அதை அவரே அடிக்கடி சொல்வார். "இதுல எனக்கென்னம்மா சந்தோஷம்? தலைமை அலுவலகத்துல இருந்து மெஷின் வருது. திங்கக்கிழமை மாட்டிடுவாங்க. அதுக்குத் தொண்டை கட்டாது, லீவு கேக்காது, நீலச் சட்டையத் திட்டாது. நீ கீழ தங்கச்சிகூட உக்காந்து குடைய அடுக்கு. அதுக்குப் பேச்சு தேவையில்ல பாரு." மெஷின் வரும்வரை அவரே அறிவிப்புச் செய்தார். அவர் வாயில் எல்லா ஊரும் ஒரே ஊர் மாதிரிக் கேட்டது. கடற்கரைக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் நீச்சல் உடையோடு மலை ஏறிவிட்டு வந்தது.

வீட்டில் அதைவிட மோசம். நான் பிறந்ததிலிருந்து அக்கா என்னைத் திட்டாத நாள் கிடையாது. எனக்கு அவள் வைத்த பெயர் சுண்டெலி. அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் "என்னக்கா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். இப்போது அவள் என்னைக் கூப்பிட மேசையைத் தட்டினாள். அம்மா ஒவ்வொரு தட்டுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தரைக்கு அடியில் குரல் கேட்ட அன்று மாலை பெரியப்பா வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பேய் விஷயத்துக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. குளியலறையில் பல்லி இருந்தால் உள்ளே போக மாட்டார். ஆனால் வாலிப வயதில் அவர் எதிர்கொள்ளாத பேய் இல்லை.

"அது கூப்பிடு பேய்தான். சந்தேகமே வேண்டாம்" என்றார் பெரியப்பா. "எடுத்து வெச்சிருக்கிற யாரோட குரல்லயாச்சும் கூப்பிடும். பதில் குடுத்தோம்னு வெச்சிக்கோ, நம்ம குரலை எடுத்துக்கும். அதனாலதான் மூணாவது தடவ வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதும்பாங்க."

"மூணாவது தடவ கூப்பிட்டா என்ன ஆகும் பெரியப்பா?"

"கூப்பிடாது. ரெண்டோட சரி."

"ஏன் ரெண்டோட சரி?"

"ஏன்னா என்ன அர்த்தம்? அப்படித்தான்."

"யாராச்சும் அதுகிட்ட கேட்டிருக்காங்களா?"

"பேய்கிட்ட போயி ஏன் எதுக்குன்னு விசாரிப்பாங்களா? வேட்டிய மடிச்சிக் கட்டிட்டு ஓடுவாங்களா?"

தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கிறார்கள். ஒருவர்கூட நின்று ஏன் என்று கேட்கவில்லை. கேட்கலாமா என்று எனக்கும் தயக்கம்தான். நான் பொதுவாக ஒரு விளக்கை அணைத்தோமா என்று பார்க்கவே திரும்பிப் போகிற ஆள். ஆனால் திங்கட்கிழமை மெஷினை மாட்டிவிட்டால் பிறகு குரல் கிடைத்தும் உட்கார இடமிருக்காது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளையில், கிடங்குக்கு இறங்கினேன். கையில் டார்ச், ஒரு டெஸ்டர், ஒரு பாட்டில் தண்ணீர். கதைகளில் இப்படிப் போகிறவர்கள் வாள் வைத்திருப்பார்கள். வாளைக் கொண்டு குரலை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிடங்கில் மூன்று பேர் இருந்தார்கள்.

முதலில் தெரிந்தது பூதம். தொந்தி முழங்காலைத் தாண்டிச் சரிந்திருக்க, குடைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது. "டோக்கன்?"

"என்ன டோக்கன்?"

"பொருள் எடுக்க வந்தா டோக்கன் வேணும். காலங்காலமா இதான் முறை."

"காலங்காலமா குடைக்கா காவல் இருக்க?"

"முன்னாடி பொன்னு, வைரம். இப்ப குடை." அது ஒரு குடையை எடுத்துத் துடைத்து மறுபடி அடியில் சொருகிக்கொண்டது. "காவல் காவல்தான்."

அதன் பக்கத்தில் குந்தியிருந்தது கொள்ளிவாய்ப் பிசாசு. பெரியப்பா சொன்ன கதைகளில் அது வாயைத் திறந்தால் காடு பற்றும். இது "பயப்படு!" என்று கத்திக்கொண்டு வாயைத் திறந்தது. காற்று வாங்கப்போன மெழுகுவத்தி மாதிரி நாக்கு நுனியில் ஒரு சுடர் ஆடியது. உடனே இருமல் வந்துவிட்டது. அந்தத் தீயில் ஒரு டம்ளர் பால்கூடக் காயாது.

மூன்றாவது, கூரைக் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமுடி தரையைத் தொட்டது; கால் தொடவில்லை. பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்கள். குழாயைப் பிடித்துத் தொங்கினால் யாருக்கும்தான் படாது.

"யாருடி அது?" என்றது கூப்பிடு பேய், அக்காவின் குரலில்.

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். இவ்வளவுதானா? இந்த மூன்றுக்காகவா இத்தனை பேர் போர்வைக்குள் ஒளிந்தார்கள்? இவற்றின் பெயரைச் சொல்லியா எனக்குச் சோறு ஊட்டினார்கள்? குரல் அக்காவுடையதேதான், ஆனால் அதில் ஏதோ குறைந்தது. அக்கா திட்டினால் அடியில் ஒரு சூடு இருக்கும். இது முந்தாநாள் சோறு.

"எங்கக்கா குரலைக் குடுத்துடு" என்றேன்.

"டோக்கன் இருக்கா?" என்றது பூதம்.

"நீ சும்மா இரு" என்றது பேய். பிறகு என் பக்கம் தலையைச் சாய்த்தது. "குடுக்க முடியாது. எவ்வளவு நல்ல குரல் தெரியுமா? இத்தன நாளா எனக்குக் கெடச்சதெல்லாம் இருமல் புடிச்ச குரலு, மூக்கால பேசுற குரலு. இது கணீர்னு இருக்கு. உன்னுதும் வேணும். எலிக்குரல்தான், பரவால்ல. தொட்டுக்க ஆகும்."

பேசுவது வேறு, கூப்பிடுவது வேறு என்று பெரியப்பாவின் பேச்சிலிருந்து நான் பிரித்து வைத்திருந்தேன். பேசினால் ஆபத்தில்லை. அழைப்புக்குப் பதில் சொன்னால்தான் ஆபத்து. பேய் மூச்சை இழுப்பதைப் பார்த்ததும் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். காரணம் இதுதான். என் மனத்தை நான் நம்பலாம். வாயை நம்ப முடியாது.

"சுண்டெலி!"

'என்னக்கா' தொண்டை வரை வந்து தண்ணீரில் முட்டியது. கன்னம் உப்பியது. மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்துவிட்டது.

"சுண்டெலி! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

கண்ணை மூடிக்கொண்டேன். அது காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். மூன்றாவது அழைப்பு வரவில்லை. தண்ணீரை விழுங்கினேன்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னொரு தடவ கூப்பிடு பாப்போம்."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிசாசின் சுடர் சிறுத்தது. பேய், "அதெல்லாம் வழக்கமில்ல" என்றது.

"வழக்கமில்லையா, முடியாதா?"

"அதாம்மா, மூணாவது தடவ வாயத் தெறந்தா குரலு அதுபாட்டுக்கு வீட்டுக்குப் போயிடு—" என்று பூதம் ஆரம்பித்தது. பிசாசு பாய்ந்து அதன் வாயைப் பொத்தியது. இதன் பொறுப்பில் புதையலை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகச் செத்துப்போன ராஜாக்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

மேலே வந்து, பார்த்ததையும் நினைத்ததையும் வழக்கம்போலப் பிரித்தேன். பார்த்தது: அது இரண்டு தடவையோடு நிறுத்தியது; கேட்டதும் விழித்தது. நினைத்தது: பூதம் உளறியது உண்மை. பூதம் பொய் சொல்லியிருக்கலாமே என்றும் யோசித்தேன். பொய் சொல்லக் கொஞ்சம் மூளை வேண்டும் என்று அந்தச் சந்தேகத்தை விட்டேன். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். காலங்காலமாக இரண்டோடு நிறுத்திப் பழகிய ஒன்றை மூன்றாவது தடவை வாயைத் திறக்க வைப்பது எப்படி? அடித்து முடியாது. கெஞ்சி முடியாது. அன்று மாலை வகுப்பில் ஒரு பழைய ஒலிபெருக்கியைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் திருகாணியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. உலகத்திலேயே மூன்றாவது அழைப்பு வராவிட்டால் சண்டைக்கு வருகிற இடம் ஒன்று இருக்கிறது. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துத் திருகிக்காட்டினாள். உனக்குக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். நான், "தப்பாப் போனா என் குரலும் போயிடும். தெரியுதுக்கா. ஆனா எனக்கு வேற வழி தோணல. உனக்குத் தோணுதா?" என்றேன். அவள் மறுநாள் மதியம் மாடிக்குப் போய், யாரையும் தொட விடாத தன் மைக்கைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. கீழே போட்டால் கொன்றுவிடுவேன் என்று கண்ணால் சொன்னாள். வேறு எதுவோ இருந்தது அதில். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அன்று சனிக்கிழமை. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சாப்பிடுவதில் எப்போதும் அவசரப்படுவதில்லை. அறிவிப்பு அறையிலிருந்து கம்பியை இழுத்தேன். மைக்கை மாட்டினேன். அதன் சிவப்பு விளக்கு எரிந்ததும், காற்றுத் துவாரம் வழியாகக் கிடங்குக்குள் இறக்கினேன். அக்கா மாடிப்படியில் நின்று நடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நடைமேடையில் மலைப்பாதை வண்டி நின்றது. அதன் ஓட்டுநருக்கு ஹார்ன் தேவையே இல்லை, அப்படி ஒரு வாய்.

ஒரு பயம் மட்டும் பாக்கி இருந்தது. அறிவிப்பைக் கேட்டுப் பயணி எவராவது பதில் சொல்லிவிட்டால் அவர் குரல் போய்விடும். ஆனால் ஒலிபெருக்கிக்கு யாரும் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்வதில்லை. முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். ஓட்டுநர் கத்துவார், ஆனால் கூப்பிடப்போவது அவரை அல்ல. இதற்கு மேல் யோசித்தால் இறங்க மாட்டேன் என்று தெரிந்ததால் இறங்கிவிட்டேன்.

"மறுபடி வந்துட்டியா? தண்ணி பாட்டிலோட?" என்றது பேய்.

"உங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். திங்கக்கிழமை மேல மெஷின் வருதுல்ல. அது வந்துட்டா உங்களை யார் தேடப்போறாங்க?"

"என்ன மெஷினு?"

"கூப்பிடுற மெஷின். ஒரே நேரத்துல ஊர் முழுக்கக் கூப்பிடும். நீ என்ன, தனியா மாட்டுனவங்கள ஒவ்வொருத்தரா கூப்பிடுற. சில்லறை வியாபாரம்."

பேய் குழாயிலிருந்து கொஞ்சம் கீழே நழுவியது. "ஊரையே என்னாலயும் கூப்பிட முடியும்."

"முடியாது. கூட்டத்தப் பாத்தா உனக்கு வேர்த்துடும்."

"முடியும்னு சொல்றேன்!"

"எங்கக்கா கூப்பிடுவா. நீ அவ குரலத்தான் எடுத்திருக்க. அவ தில்லு உனக்கு எங்க இருந்து வரும்?"

"வேண்டாம், வம்பு" என்றது பிசாசு, இருமலுக்கு நடுவில்.

"டோக்கன் இல்லாம பேசுது இந்தப் பொண்ணு" என்றது பூதம்.

பேய் ஒரு கையை நீட்டி, துவாரத்தில் தொங்கிய மைக்கைப் பறித்தது. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குரலோடு வார்த்தைகளும் போயிருந்தன.

"மலைப்பாதை வழியாகச் செல்லும் வண்டி மூன்றாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் ஏறிக்கொள்ளவும்!"

மேலே, எங்கள் தலைக்கு மேல், காலடிகள் ஒரு கணம் நின்றன. காற்றுத் துவாரம் வழியாக யாரோ சொல்வது கேட்டது: "அட, அந்தம்மா வந்துட்டாங்கப்பா!" யாரோ விசிலடித்தார்கள்.

பேயின் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இனிமேல் பார்க்க ஆசையில்லை. "கேட்டியா? என்னத்தான்! என்னத்தான் சொல்றாங்க!" உடனே இரண்டாவதையும் முழக்கியது. மூட்டைகள் இழுபடும் சத்தம் கேட்டது. வண்டி உறுமியது.

அதோடு அது நிறுத்திவிட்டு, புகழுக்காகக் காத்திருந்தது.

வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டுநரின் குரல் துவாரத்தைப் பிளந்துகொண்டு வந்தது. "யம்மா! மூணாவது எங்க? வண்டிய எடுக்கவா, இல்ல இங்கயே வாடகைக்கு வீடு பாக்கவா?"

சிரிப்பு. இன்னொரு குரல்: "தூங்கிட்டாங்க போல." வேறொன்று: "மெஷின் மாட்டிட்டாங்கய்யா. ரெண்டோட நட்டு கழண்டுடுச்சு!" பெரிய சிரிப்பு.

"எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றது பேய்.

"உன்னப் பாத்துதான்."

"பயந்து ஓட மாட்டாங்களா?"

"பஸ்ஸுக்குத்தான் ஓடுவாங்க. அதுக்கும் மூணாவது சொல்லணும்."

ஹார்ன் நீளமாக அலறியது. நடைமேடை முழுக்கக் கைதட்ட ஆரம்பித்தது, சினிமாக் கொட்டகையில் படம் அறுந்தால் தட்டுவார்களே, அப்படி. "மூணா-வது! மூணா-வது!"

"சொல்லித் தொலையேன். மானம் போவுது" என்றது பூதம்.

"சொல்லாத!" என்று பிசாசு கத்தியது. "வாயத் தெறக்காத!"

பேய் மைக்கைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது. எத்தனையோ காலமாக அதைக் கேட்டவர்கள் எல்லோரும் பயந்திருக்கிறார்கள், சிரித்தவர் ஒருவருமில்லை. அதற்குச் சிரிப்பைத் தாங்கத் தெரியவில்லை. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, தலைமுடி சிலிர்க்க, வாயை அகலமாகத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை. சீறல்கூட இல்லை. மைக் செத்துவிட்டதோ என்று சிவப்பு விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. ஒரு விநாடி, எல்லாவற்றையும் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், குரல் எங்கோ நடுவழியில் தொலைந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு மேலே, மைக் இல்லாமல், கம்பி இல்லாமல், வெறும் தொண்டையில் அது வந்தது.

"மலைப்பாதை வண்டி! மூணாவது தடவ சொல்றேன், இனிமே சொல்ல மாட்டேன்! டிரைவரண்ணே, ஹார்ன்ல இருந்து கைய எடுங்க, எங்களுக்கும் காது இருக்கு! வாழப்பழம் உரிக்கிற ஐயா, அத உள்ள போயி உரிக்கலாம், பழம் ஒண்ணும் கோவிச்சிக்காது! கெளம்புங்க!"

நடைமேடை அதிர்ந்தது. வண்டி கிளம்பிப் போயிற்று. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் மேலாளரின் குரல் கேட்டது. வாயில் இன்னும் சோறு இருந்திருக்க வேண்டும். "என்னம்மா இது, மைக் எங்க? திங்கக்கிழமை மெஷின்—"

"அந்த மெஷினுக்கு வாழப்பழம் உரிக்கிறவரத் தெரியுமா சார்? ஜனங்ககிட்டயே கேளுங்க, மெஷின் வேணுமான்னு."

ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்பது தரையின் அதிர்விலேயே தெரிந்தது. "சரிம்மா, சரிம்மா. திருப்பி அனுப்பிடறேன். நான் நல்லவன்மா, நானா வேணாம்னேன்?" என்றார் மேலாளர்.

கிடங்கில் பேய் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீன் மாதிரி. பிசாசு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பூதம் மட்டும் முறைப்படி கேட்டது: "டோக்கன் இல்லாம எடுத்துட்டுப் போறீங்களே, நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அப்போது படிக்கட்டின் மேலிருந்து அழைப்பு வந்தது.

"சுண்டெலி!"

என் வாய் பாதி திறந்துவிட்டது. இழுத்து மூடினேன். எதிரே பேயின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அக்காதான் என்று தொண்ணூறு பங்கு தெரியும். ஆனால் நான் விளக்கை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டேன்.

"சுண்டெலி! கீழ என்ன பண்ற?"

காத்திருந்தேன். இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது உடனே வரவில்லை. அதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

"அடியே சுண்டெலி! மைக்க எடுத்துட்டு மேல வரப்போறியா, இல்ல அதுங்ககூடவே குடும்பம் நடத்தப்போறியா? செவிடா நீ?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் கொள்ளிவாய்ப் பிசாசின் முகத்தில் தெறித்தது. நாக்கு நுனியில் இருந்த அந்தச் சுடரும் அணைந்துபோயிற்று.

"என்னக்கா!" என்றேன்.